யூன் ஃபொஸ்ஸேயை எங்கிருந்து தொடங்குவது? ('செப்டாலஜி'யில் 200ஆம் பக்கத்தில் சிக்கி நிற்கிறேன்)

நல்லமுத்து:
நண்பர்களே, 2023இல் இலக்கிய நோபல் வாங்கின நார்வேக்காரர் ஆயிற்றே என்று ஆசைப்பட்டு, அவருடைய 'செப்டாலஜி' நாவலின் மூன்று நூலும் ஒன்றாகக் கட்டிய ஆங்கிலப் பதிப்பை வாங்கிவிட்டேன். எண்ணூறு பக்கத் தலையணை. காற்புள்ளி வருகிறது, கேள்விக்குறி வருகிறது, முற்றுப்புள்ளி மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. ஆஸ்லெ என்று வயதான ஓவியர். மனைவி இறந்துவிட்டார், கடலோரத்தில் தனியாக இருக்கிறார். நகரத்திலிருந்து வீட்டுக்குக் காரில் வருகிறார். நகரத்தில் இன்னொரு ஆஸ்லெ, அவரும் ஓவியர்தான், குடித்தே அழிந்துகொண்டிருக்கிறாரே என்று மனது கேட்காமல் அதே இரவில் பனியில் மறுபடி நகரத்துக்கே ஓட்டுகிறார். இருநூறு பக்கத்தில் எனக்குக் கிடைத்த கதை இவ்வளவுதான்.

நாடகக்காரர் என்கிறார்கள், நாவலாசிரியர் என்கிறார்கள், மொழிபெயர்ப்பாளர் என்றும் சொல்கிறார்கள். நான் தப்பான வாசலில் நுழைந்துவிட்டேனா? ஏசாமல் பதில் சொல்லவும்.

அரைப்புள்ளி:
என் பெயரை வைத்துக்கொண்டு நான் இவரைப் படிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். கடைசி பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி முற்றுப்புள்ளிக்குக் காத்திருந்து, தூங்கி, எழுந்து, மறுபடி காத்திருந்து, புத்தகத்தை நண்பனுக்குக் கொடுத்துவிட்டேன். அவனும் இன்னும் திருப்பித் தரவில்லை. காத்திருக்கிறான் போல.

பேர்கன்வாசி:
வணக்கம் நல்லமுத்து அண்ணை. முப்பது வருசமா பேர்கனில இருக்கிறன். ஃபொஸ்ஸேன்ர நாவல்ல வாற பியோர்க்வின் எண்டது பேர்கன்ர பழைய பேர். அவர் பிறந்தது 1959இல, ஹௌகசுண்டில. வளர்ந்தது ஹார்டாங்கர் ஃபியோர்டு (மலையளுக்கு நடுவில உள்ள வாற கடல்) கரையில ஸ்ட்ராண்டபார்ம் எண்ட சின்ன ஊரில. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தண்ணி, நடுவில நாலு வீடு, தோணி வைக்கிற கொட்டில். அவற்ற புத்தகங்களில திரும்பத் திரும்ப வாற வீடும் தோணியும் தண்ணியும் அங்கயிருந்து வாறதுதான். ஏழு வயசில ஐஸில வழுக்கி, கையில இருந்த போத்தில் உடைஞ்சு வெட்டி, ரத்தம் போய்ச் சாகப் பாத்தவர். தான் எழுத வந்ததுக்கு அது ஒரு காரணம் எண்டு அவரே சொல்லியிருக்கிறார்.

பேரைப் பற்றியும் ஒண்டு. தமிழ்ப் பத்திரிகையள் 'ஜான் ஃபோஸ்' எண்டு போட்டவை. இஞ்ச அப்பிடிக் கூப்பிட்டா ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டினம். 'யூன் ஃபொஸ்ஸே' எண்டு நீங்கள் எழுதினது கிட்டத்தட்டச் சரி.

அவற்ற மொழியைத் தெரியாமல் அவரைப் பிடிக்கேலாது. நோர்வேயில எழுத்து மொழி ரெண்டு. ஒண்டு பூக்மோல், டேனிஷிலயிருந்து வந்தது, பெரும்பாலான ஆக்கள் எழுதிறது. மற்றது நீநொஷ்க், மேற்குக் கரையில கூட. நூற்றுக்குப் பத்துப் பதினைஞ்சு பேர்தான் அதில எழுதினம். ஃபொஸ்ஸே 1983இல வந்த முதல் நாவல் 'சிவப்பு, கருப்பு' தொடக்கம் இண்டைவரைக்கும் நீநொஷ்க்கிலதான் எழுதிறார். நோர்வேக்கு இலக்கிய நோபல் இதோட நாலு: 1903இல பியோர்ன்சன், 1920இல ஹாம்சன், 1928இல உண்ட்செட். நீநொஷ்க்குக்கு இதுதான் முதல்.

சாமிநாதன்:
அப்படியானால் இது வட்டார இலக்கியம்தானே? நம்மிடம் கரிசலும் கொங்கும் நாஞ்சிலும் எழுதப்பட்டது மாதிரி. அதற்கு ஏன் இவ்வளவு மாயம்?

நார்வே என்றால் என் தலைமுறைக்கு க.நா.சு. தமிழில் தந்த ஹாம்சனின் 'நிலவளம்'தான். அதில் மண் இருக்கிறது, மனிதர்கள் காடு திருத்துகிறார்கள், ஏதாவது நடக்கிறது. இந்த ஆளிடம் என்ன நடக்கிறது?

பேர்கன்வாசி:
ஐயா, வட்டார வழக்கு எண்டு சொல்லேலாது. ஈவர் ஒசன் எண்டு ஒருத்தர் 1842இல வெளிக்கிட்டு நாலு வருசமா ஊரூராத் திரிஞ்சு, சனம் கதைக்கிறதைச் சேர்த்து, 1848இல இலக்கணமும் 1850இல அகராதியும் போட்டவர். அதிலயிருந்து கட்டி எழுப்பின எழுத்து மொழி இது. 1885இல பாராளுமன்றம் ரெண்டுக்கும் ஒரே தகுதி குடுத்தது. அரசாங்கக் கடிதமும் பாடப்புத்தகமும் பைபிளும் இதில இருக்கு. ஒஸ்லோவில நீநொஷ்க்குக்கெண்டே ஒரு பெரிய நாடக அரங்கு, 1913இலயிருந்து நடக்குது. என்ர மகள் பள்ளிக்கூடத்தில ரெண்டும் எழுதிச் சோதினை பாஸ் பண்ண வேண்டியிருந்தது. அழுதழுதுதான் படிச்சவள், அது வேற கதை.

ஆனா யோசிச்சுப் பாருங்கோ. வீட்டில ஒருத்தரும் அப்பிடியே அச்சடிச்ச மாதிரி நீநொஷ்க் கதைக்கிறேல்ல. அது எல்லாப் பேச்சுக்கும் கிட்ட நிக்கிது, ஒரு பேச்சாயும் இல்லை. விளம்பரத்தில அது குறைவு. அதால சொல்லுகள் தேயேல்ல. ஃபொஸ்ஸே அதில மண்வாசனை காட்டேல்ல. கொஞ்சச் சொல்லை எடுத்து, அதையே திருப்பித் திருப்பி வைக்கிறார். அவ்வளவுதான்.

ஒப்பனைக்காரன்:
நல்லமுத்து சார், தப்பான வாசல்தான். கொல்லைப்புற வாசல். முன்வாசல் நாடகம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவருக்கு நாடகம் எழுதும் எண்ணமே இருந்ததில்லை. எண்பதுகளில் பெர்கனில் இலக்கியம் படித்தார், நீநொஷ்க் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்தார், நாவலும் கவிதையும் எழுதினார், எழுத்துப் பயிற்சிக் கல்லூரியில் பாடம் எடுத்தார். (அங்கே மாணவராக உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பின்னாளில் பேர்பெற்ற நாவலாசிரியர் கார்ல் ஊவெ க்னௌஸ்கோர். தன் கவிதையில் ஒரே ஒரு சொல்லைத்தான் ஃபொஸ்ஸே தேறும் என்றார் என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார்.) நாடகம் எழுதச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் மறுத்தவர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கைச்செலவுக்குப் பணம் தேவைப்பட்டதால் ஒப்புக்கொண்டார். ஆரம்பத்தை மட்டும் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். உட்கார்ந்தவர் முழு நாடகத்தையும் எழுதிவிட்டார். அதுதான் 'யாரோ வரப்போகிறார்கள்'.

ஒரு ஆணும் பெண்ணும் எல்லோரையும் விட்டு விலகி இருக்கலாம் என்று கடலோரத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வாசலில் நின்றபடியே 'யாராவது வந்துவிடுவார்களோ' என்ற பயம் தொடங்கிவிடுகிறது. வருகிறான், வீட்டை விற்றவன். கதை இதுதான். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும் சொற்கள். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் 'இடைவெளி', 'சிறு இடைவெளி' என்று எழுதி வைத்திருப்பார்.

எங்கள் குழுவில் ஒருமுறை இதை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி ஒத்திகை பார்த்தோம். மேடைக்கு வரவில்லை, எங்கள் சோம்பேறித்தனம். முதல் இரண்டு நாள் சிரிப்பாக இருந்தது. நடிகர்கள் இடைவெளி வந்ததும் முகத்தில் எதையாவது செய்து அதை நிரப்பினார்கள். பெருமூச்சு, தலைகுனிவு, ஜன்னல் பக்கம் ஒரு பார்வை. மூன்றாம் நாள் ஒரு பெண் எதுவுமே செய்யாமல் நின்றாள். எதிரே நின்றவன் அடுத்த வசனத்தைச் சொல்லவே பயந்தான். அப்போதுதான் பிடிபட்டது. அவன் அவளிடம் பொய் சொல்லவில்லை, ஆனால் அவள் நம்பவில்லை. அது எந்த வசனத்திலும் இல்லை.

பிரான்சில் இயக்குநர் க்ளோத் ரெஜி 1999இல் நாந்தேர் அரங்கில் இதைப் போட்ட பிறகுதான் ஐரோப்பா திரும்பிப் பார்த்தது. மறு வருடம் தோமாஸ் ஓஸ்டர்மையர் 'பெயர்' நாடகத்தை சால்ஸ்பர்க் விழாவுக்குக் கொண்டு போனார். 2011இல் லண்டனில் பத்ரீஸ் ஷெரோ 'நான் காற்று' நாடகத்தைச் செய்தார். இப்சன் பெயரிலான விருது 2010இலேயே வந்துவிட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் நாடகங்கள் போயிருக்கின்றன. நோபலுக்குப் பிறகு திடீரென்று முளைத்தவர் என்று இங்கே பலர் எழுதியதைப் படித்துச் சிரிப்பு வந்தது.

சாமிநாதன்:
'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தில் பெக்கெட் நாற்பது வருடம் முன்பே செய்து முடித்ததுதானே ஐயா இந்த மௌனமெல்லாம்? காத்திருந்தார்கள், யாரும் வரவில்லை. இவர் ஆளை வரவழைத்தார். அதுதானே வித்தியாசம்?

ஒப்பனைக்காரன்:
வம்புக்குச் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னீர்கள். அங்கே வராதவன்தான் நாடகம். இங்கே வந்தவன் பெரிய வில்லன்கூட இல்லை, கொஞ்சம் குடித்துவிட்டுப் பேச்சுத்துணை தேடும் பக்கத்து வீட்டுக்காரன். அந்த வீட்டை உடைப்பது அவன் இல்லை, இவர்களுடைய பயம். பெக்கெட்டில் எனக்குச் சிரிப்பு வரும். ஃபொஸ்ஸேயில் வயிற்றைப் பிசையும்.

அவருடைய நோபல் உரையைக் கேட்டீர்களா? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் திடீரென்று உரக்கப் படி என்றதும் பயம் பிடித்து வகுப்பை விட்டே ஓடியதிலிருந்து தொடங்குகிறார். பயம் என் மொழியைப் பிடுங்கிக்கொண்டது, எழுதி எழுதித்தான் அதை மீட்டேன் என்கிற மாதிரி போகிறது பேச்சு. வாய்விட்டுப் படிக்கவே பயந்த பையன்தான் பிறர் வாய்விட்டுச் சொல்வதற்கென்றே எழுதுபவனாக ஆனான்.

நல்லமுத்து:
ஒப்பனைக்காரன் சார், அந்த மூன்றாம் நாள் கதையைப் படித்துவிட்டு நேற்று புத்தகத்தை மறுபடி எடுத்தேன். பத்துப் பக்கம் போனது. சரி, மொழிபெயர்ப்பாளர் என்கிறார்களே, அது சும்மா பக்கத்தொழிலா?

கயல்விழி:
இந்த இழையில் நுழைய வேண்டாம் என்று இரண்டு நாளாகக் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது முடியாது.

பக்கத்தொழில் இல்லை. காஃப்காவின் 'விசாரணை'யை நீநொஷ்க்கில் கொண்டுவந்தார், 2013இல். ஜெர்மனிலிருந்து டிராக்ல் கவிதைகள், ரில்க்கேயின் டூயினோ எலிஜிகள். கிரேக்கத் துன்பியல் நாடகங்களை நீநொஷ்க் மேடைக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான். 2011இல் வந்த புதிய நார்வேஜியப் பைபிள் மொழிபெயர்ப்பிலும் அவர் பங்கு இருக்கிறது. பட்டியலைப் பாருங்கள். ஒரு சிறிய மொழிக்காரர், தன் மொழியால் இதையெல்லாம் சுமக்க முடியுமா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்திருக்கிறார். எழுதுவது என்பதே கேட்பதுதான், எங்கேயோ ஏற்கெனவே இருப்பதைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன் என்று பல இடங்களில் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் காதுக்கு இது ஞானியின் வாக்காகப் படாது. எங்கள் தினசரி வேலை அதுதான்.

இன்னொரு பக்கம், அவரை மொழிபெயர்த்தவர்கள். ஆங்கிலத்தில் செப்டாலஜியைச் செய்த டேமியன் சியர்ல்ஸ், முதலில் 'மெலங்கோலியா'வை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, இந்த ஆளுக்காகவே நார்வேஜியன் கற்றுக்கொண்டார். அரைப்புள்ளி, நீங்கள் இருபது பக்கத்தில் நண்பனுக்குக் கொடுத்தீர்களே, அதே எழுத்தாளருக்காக ஒருவர் மொழி படித்திருக்கிறார்.

அரைப்புள்ளி:
பதினெட்டுப் பக்கம். பொய் சொல்லக்கூடாது.

ஒரு தகவல் என் பங்குக்கு: செப்டாலஜியின் கடைசி நூல் 2022இல் சர்வதேச புக்கர் குறும்பட்டியலில் இருந்தது. அந்த வருடம் பரிசு கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலுக்குப் போனது. அடுத்த வருடமே இவருக்கு நோபல். பரிசுக் கமிட்டிகள் இருக்கிற கிரகமே வேறு.

கயல்விழி:
இப்போது என் குறை. இரண்டு பக்கம் தமிழில் செய்து பார்த்தேன், ஆங்கிலம் வழியாகத்தான். தமிழில் நீண்ட வாக்கியம் எழுதுவது சுலபம், வினையெச்சத்தை அடுக்கிக்கொண்டே போகலாம், முற்றுப்புள்ளி இல்லாமல் எண்ணூறு பக்கம் நமக்குத்தான் லாயக்கு என்று நினைத்தேன். சறுக்கியது அங்கேதான்.

நானே ஒரு உதாரணம் தருகிறேன். 'கதவைத் திறந்து, வெளியே வந்து, கடலைப் பார்த்து நின்றான்.' அழகான தமிழ். ஆனால் இதில் திறந்ததும் வந்ததும் பார்த்ததும் 'நின்றான்' என்பதற்கு வேலைக்காரர்கள். ஃபொஸ்ஸேயிடம் அப்படிக் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு 'மற்றும்' போட்டு நாலையும் ஒரே உயரத்தில் வைக்கிறார். திறப்பது நிற்பதற்காக இல்லை, திறப்பது திறப்பதுதான். சரி என்று 'திறக்கிறான், வருகிறான், பார்க்கிறான், நிற்கிறான்' என்று போட்டால் ஒவ்வொன்றும் முடிந்துவிடுகிறது. நம் இலக்கணத்தில் அதற்குப் பெயரே வினைமுற்று. காற்புள்ளி வைத்தாலும் காதில் முற்றுப்புள்ளிதான் விழுகிறது. 'மற்றும்' போட்டாலோ அரசாங்க டெண்டர் அறிவிப்பு.

அடுத்த தலைவலி 'நினைக்கிறேன்'. அவர் வரிக்கு வரி அதைத் தூவுகிறார். அங்கே அது வாக்கியத்தின் நடுவில் மூச்சு மாதிரி வருகிறது. தமிழில் '...என்று நினைக்கிறேன்' என்று கடைசிக்குப் போய்விடுகிறது. அதுவரை ஆஸ்லெ கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறாரா, நினைப்பதைச் சொல்கிறாரா என்றே தெரியாது. சில இடத்தில் அந்தக் குழப்பம் நன்றாகவும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

சாமிநாதன்:
இதற்காகத்தான் சொல்கிறேன், ஆங்கிலம் வழியாக வருவது இரண்டு முறை வடிகட்டிய காப்பி.

கயல்விழி:
ஐயா, நீங்கள் கொண்டாடும் 'நிலவளம்' எந்த வழியாக வந்தது? க.நா.சு. நார்வேஜியனிலிருந்தா செய்தார்? வடிகட்டினாலும் டிகாக்‌ஷன் நன்றாக இருந்தது, நீங்கள் குடித்தீர்கள்.

சாமிநாதன்:
சரி, சரி. அடித்துவிட்டாய் அம்மா.

ஒப்பனைக்காரன்:
கயல்விழி, பேச்சுத் தமிழில் முயன்றீர்களா? 'நெனச்சேன், இவன் வரமாட்டான்னு' என்று சொல்கிறோமே. பேச்சில் வினை முன்னால் வந்துவிடும், மிச்சம் பின்னால் தொங்கும். எங்கள் ஒத்திகையில் எழுத்துத் தமிழ்ப் பிரதி செத்துக் கிடந்தது. வசனத்தைப் பேச்சு வரிசைக்கு மாற்றினதும்தான் அந்த இடைவெளிகள் தானாக வந்து உட்கார்ந்தன.

கயல்விழி:
பேச்சு வரிசை, ஆனால் எழுத்துச் சொல்... அதாவது 'நினைத்தேன், இவன் வரமாட்டான் என்று, நின்றேன்' என்கிற மாதிரி? எந்த ஊர்ப் பேச்சாகவும் இல்லாமல், எல்லாப் பேச்சுக்கும் பக்கத்தில்? பேர்கன்வாசி நீநொஷ்க்கைப் பற்றிச் சொன்னதை அப்போது சும்மா படித்துவிட்டுப் போய்விட்டேன். மறுபடி உட்கார வேண்டும்.

பேர்கன்வாசி:
அதோட ஒண்டு. நாடகத்துக்காக ஊரூரா அலைஞ்சு களைச்சுப்போய்த்தான் அவர் திரும்ப நாவலுக்கு வந்தவர். குடியையும் விட்டார், 2012-13இல கத்தோலிக்கராயும் மாறினார். அதுக்குப் பிறகு எழுதினதுதான் செப்டாலஜி, 2019இலயிருந்து 2021வரை மூண்டு புத்தகம். ஏழு பகுதியும் ஒரே படத்தில தொடங்கும், ஒரு செபத்தில முடியும். குடிக்கிற ஆஸ்லெ, குடியை விட்ட ஆஸ்லெ எண்டு ரெண்டு பேர் ஏன் எண்டு அண்ணைக்கு இப்ப விளங்கும்.

சாமிநாதன்:
எல்லாம் சரி. அரசர் அரண்மனைத் தோட்டத்தில் வீடு கொடுத்து வைத்தால் நானும் மெதுவாகத்தான் எழுதுவேன்.

பேர்கன்வாசி:
'குரோட்டன்' எண்டு அந்த வீட்டுக்குப் பேர். 2011இலயிருந்து அவருக்கு. உண்மைதான். ஆனா அது ஐம்பது வயசு தாண்டின பிறகு. முதல் புத்தகங்களுக்கு வந்த விமர்சனம் படுமோசம், அதைக் காதில போட்டிருந்தா அப்பவே நிப்பாட்டியிருப்பன் எண்டு அவரே சொல்லியிருக்கிறார். அவர் நிண்டுபிடிச்சதுக்கு அரண்மனையை விட நூலகம்தான் காரணம் எண்டது என்ர எண்ணம். 1965இலயிருந்து இஞ்ச அரசாங்கப் பணத்தில புது இலக்கியப் புத்தகங்களை வாங்கி நூலகங்களுக்குக் குடுக்கினம். வாசிக்க ஆள் குறைஞ்ச மொழியில, முற்றுப்புள்ளி இல்லாம எழுதிற ஒருத்தரை அச்சில வைச்சிருந்தது அதுதான்.

நல்லமுத்து:
நம் ஊரில் முந்நூறு பிரதி போட்டுவிட்டு நண்பர்களுக்கே விற்கிற கதையை இங்கே தொடங்க வேண்டாம், இழை திசைமாறிவிடும்!

இன்னொரு கேள்வி: 'மெலங்கோலியா' எப்படி?

கயல்விழி:
அதைத் தவறவிடாதீர்கள், ஆனால் முதலில் வேண்டாம். லார்ஸ் ஹெர்ட்டர்விக் என்கிற உண்மையான ஓவியரைப் பற்றியது. 1830இல் பிறந்தவர், குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஏழைக் குடும்பம், படிக்க ஜெர்மனியின் டூசல்டோர்ஃப் போனார், மனம் சிதைந்து மனநல விடுதியில் இருந்தார், 1902இல் வறுமையில் இறந்தார். கேன்வாஸ் வாங்கக் காசில்லாமல் புகையிலை சுற்றிவந்த தாளிலெல்லாம் வரைந்திருக்கிறார். முதல் பாகம் 1995இல் வந்தது. அதில் பெரும்பகுதி அவர் தலைக்குள்ளேயே ஓடும். ஒரே எண்ணம், சுற்றிச் சுற்றி. படிக்கும்போது எனக்கே மூச்சு முட்டியது. இரண்டு ஓவியர் நாவலுக்கும் நடுவே கால் நூற்றாண்டு. அங்கே திரும்பத் திரும்பச் சொல்வது நோய். செப்டாலஜியில் அதே பழக்கம் ஜெபமாலை உருட்டுவது போல ஆகிவிட்டது.

தொடங்குவதற்கு 'காலையும் மாலையும்' எடுங்கள். 2000இல் வந்தது, ஒரு நாளில் முடித்துவிடலாம்.

நல்லமுத்து:
பத்து நாள் கழித்து வருகிறேன். 'காலையும் மாலையும்' முடித்தேன். முதல் பகுதியில் குழந்தை பிறக்கிறது, அப்பா அடுத்த அறையில் காத்துக்கொண்டிருக்கிறார். இரண்டாம் பகுதியில் அந்தக் குழந்தை கிழவன், யொஹன்னெஸ். காலையில் எழுந்தால் உடம்பு லேசாக இருக்கிறது, எங்கும் வலியில்லை. எப்போதோ செத்துப்போன நண்பன் பேட்டர் கரையில் நிற்கிறான். இருவரும் மீன்பிடிக்கப் போகிறார்கள், தூண்டில் தண்ணீருக்குள் கொஞ்ச தூரம் போய் அப்படியே நின்றுவிடுகிறது, அதற்குமேல் இறங்கமாட்டேன் என்கிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கடல் அவனை வேண்டாம் என்கிறது என்று எனக்குப் புரிந்தது, அவனுக்கு இன்னும் புரியவில்லை. சாமிநாதன் ஐயா, இதில் என்ன நடக்கிறது என்று கேட்டீர்களே, இது நடக்கிறது.

இப்போது செப்டாலஜி 340ஆம் பக்கம். மனதுக்குள் படிப்பதை நிறுத்திவிட்டேன், உரக்கப் படிக்கிறேன். யாரிடம் பேசுகிறீர்கள் என்று வீட்டில் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார்கள். அந்த 'நினைக்கிறேன்' வரும்போதெல்லாம் தானாக மூச்சு வாங்குகிறது. முற்றுப்புள்ளியைத் தேடவே இல்லை.

சாமிநாதன்:
'காலையும் மாலையும்' ஒரு நாளில் முடிக்கலாம் என்றீர்களே, எத்தனை பக்கம்? சும்மா கேட்டேன்.

அரைப்புள்ளி:
என் நண்பனிடம் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டேன். தரமாட்டானாம்.

கயல்விழி:
நல்லமுத்து, ஒரு உதவி. மூச்சு எங்கெங்கே விழுகிறது என்று பென்சிலால் ஒரு பத்துப் பக்கத்துக்குக் குறித்துப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? அந்த இரண்டு பக்கத்தை மறுபடி செய்துகொண்டிருக்கிறேன், ஒப்பனைக்காரன் சொன்ன வரிசையில். என் மூச்சை மட்டும் நம்பி வைக்கப் பயமாக இருக்கிறது.